கடல் தெரியாத கலங்கரை

"ஞானாம்பிகை" என்று சோமு அண்ணன் முதல் பெயரைக் கூப்பிட்டார். பாண்டிச்சேரியிலிருந்து ஞானாம்பிகை, கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்கிற வேகத்தில், "இருக்கேன், வாங்குவேன், முழு விலைக்கு" என்றாள். "ஒண்ணு" என்றார் சோமு அண்ணன். தூத்துக்குடியில் ஒரு மாடியறைக் கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் லேப்டாப், வலது முட்டியில் பழைய போன், இடது முட்டியில் அம்மாவின் போன் என்று மூன்றின் மைக்கையும் அமர்த்தி வைத்திருந்த கிளாட்வின் தன் முறைக்கு இன்னும் எத்தனை பெயர் என்று விரல்விட்டு எண்ணினான். ஐந்தாவது பெயர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் தேவசகாயம், அது இவன். ஏழாவது திருப்பூர் மெக்கானிக் பழனியப்பன், அதுவும் இவன். ஒன்பதாவது வேலூர் நர்ஸ் லிடியா, அவளும் இவனேதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பதினைந்து வயசுப் பையன் மூன்று ஆளாக உட்கார்ந்திருப்பதில் என்ன தப்பு, நாடகத்தில் ஒருத்தன் ராஜாவாகவும் சேவகனாகவும் வருவதில்லையா, வருகிறான், ஆனால் நாடகத்தில் டிக்கெட் வாங்கினவனுக்கு அது தெரியும். இங்கே தெரியாது. இங்கே யாருக்குமே தெரியாது. லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தில் கணினி ஆட்டம் ஆடுகிற தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசுகிற இந்தப் 'பென்குயின் பேட்டை'யில் எழுத்து ஓட்டே கிடையாது, ஏனென்றால் போன வருஷம் யாரோ நாற்பது கள்ளக் கணக்குத் திறந்து ஒரு ஓட்டெடுப்பையே நாறடித்துவிட்டான். அன்றிலிருந்து விருதுநகர்க் கல்லூரி லேபில் வேலை பார்க்கும் சோமு அண்ணன் சட்டம் போட்டுவிட்டார்: "இனி எதுன்னாலும் வாயத் தொறந்து சொல்லணும். கணக்கு ஆயிரம் தொறக்கலாம்யா, தொண்டை ஒருத்தனுக்கு ஒண்ணுதான்." எல்லோரும் கைதட்டினார்கள். தேவசகாயம் ஐயாவும் தட்டினார். பழனியப்பன் "சரியான முடிவுங்க" என்றார். லிடியா ஒரு சிரிப்பு சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் கிளாட்வின் சிரித்த சிரிப்பில் ரசம் மூக்கில் ஏறியது. இப்போது நினைத்தால் மூக்குதான் எரிகிறது, சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு" என்றார் சோமு அண்ணன். யார் சொன்னது என்றுகூட இவன் கவனிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே உப்பு லாரி ஒன்று போனது. லாரி போனால் இவன் தொண்டை தானாக அந்த உறுமலைச் செய்து பார்க்கும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், காதில் விழுந்தது எதுவாக இருந்தாலும் வாய்க்கு வந்தாக வேண்டும், பங்குச்சாமியாரின் செருமல், பஸ் நிலையத்து அறிவிப்புக்காரி, கணக்கு வாத்தியாரின் 'ஆகவே'. பக்கத்து வீட்டு பெனிட்டா அக்காவை சிலிண்டர்காரர் குரலில் கூப்பிட்டு மூன்று மாடி இறங்க வைத்தது ஒரு தடவையா இரண்டு தடவையா, நாலு தடவை. அதெல்லாம் விளையாட்டு. இதுவும் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. இவனுடைய சொந்த அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இது, அதில் இரண்டு சிஸ்டம் இருந்தது, ஒன்றுக்கு அவள் வைத்த கடவுச்சொல்லை மறந்துவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டாள், மிச்சம் இருந்தது லினக்ஸ். கொள்கை இல்லை, கோட்பாடு இல்லை, வேறு வழியில்லை. அதில் ஓடுகிற ஆட்டம் குறைச்சல். மற்ற சிஸ்டத்து ஆட்டத்தை லினக்ஸில் ஓட்ட நடுவில் ஒரு மென்பொருள் நிற்க வேண்டும், அது ஆட்டம் சொல்வதை லினக்ஸுக்கும் லினக்ஸ் சொல்வதை ஆட்டத்துக்கும் மாற்றி மாற்றிச் சொல்லும், பேட்டையில் அதற்குப் பெயர் தரகர். தரகர் நல்ல நாளில் நன்றாகத்தான் பேசுவார். இந்தப் பழைய லேப்டாப்பில் மட்டும் அவருக்கு வாய் குழறும். மதுரையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வஹிதா அக்கா செய்த 'கலங்கரை' ஆட்டத்தை இவன் தரகர் வழியாகத் திறந்தபோது எல்லாம் வந்தது, விளக்குக் கோபுரம் வந்தது, சுற்றுப்படி வந்தது, விளக்கு சுழன்றது, கடல் மட்டும் வரவில்லை. கடல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. அலைச் சத்தம் கேட்கும், தண்ணீர் இருக்காது. கப்பல்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு போகும். இரண்டு வருஷமாக இவன் இல்லாத கடலுக்கு விளக்குக் காட்டிக்கொண்டிருக்கிறான். லினக்ஸுக்கென்றே ஆட்டத்தை மாற்றி எழுதினால், அதாவது போர்ட் செய்தால், தரகர் வேண்டாம், கடல் வந்துவிடும். அதற்குத்தான் இன்றைக்குப் பத்துக் குரல். பத்துப் பேர் வாயைத் திறந்து, தள்ளுபடிக்குக் காத்திருக்காமல் முழு விலை நானூற்று ஐம்பதுக்கு வாங்குவேன் என்று சொன்னால், 'புயல் மாதம்' என்ற டிஎல்சியை, அதாவது ஆட்டத்துக்கு மேல் தனியாக விற்கிற கூடுதல் பகுதியை, தள்ளி வைத்துவிட்டு மூன்று மாதம் போர்ட்டில் உட்காருவதாக வஹிதா அக்கா சொல்லியிருந்தாள். இப்போதும் அந்த அறையில் ஒரு பச்சைப் பொட்டாக இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். பத்து. பேட்டையில் பேசுகிற நிஜத் தொண்டை ஏழு. கணக்கு எவ்வளவு அழகாக வருகிறது, ஏழும் மூன்றும், யாரோ அளவெடுத்துத் தைத்த மாதிரி.

"ஏல கிளாட்வின், கொடியில துணி கெடக்கு, வானம் கறுத்துட்டு வருது" என்று கீழேயிருந்து அம்மா. வாரேன் வாரேன். மைக் அமர்த்தித்தான் இருக்கிறதா, மூன்றும், ஆமாம். அம்மாவுக்கு இந்த அறையிலிருந்து பல குரல் கேட்டுப் பழக்கம்தான், ஆனாலும் ஒரு நாள் தேவசகாயம் ஐயா நீளமாகப் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் இரண்டு டம்ளர் டீயோடு வந்து நின்றாள், "உள்ள யாரோ பெரியவர் வந்திருக்காவன்னு நெனச்சேன்" என்று எட்டிப் பார்த்து, இவன் மட்டும் வாயருகே எவர்சில்வர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு, அந்த இரண்டாவது டீயைத் தானே குடித்துவிட்டுப் போனாள். டம்ளர் தேவசகாயத்துக்கு, அதில் பேசினால் குரல் பழசாகும். பழனியப்பனுக்கு மின்விசிறியை ஐந்தில் வைத்து அதன் கீழே நின்றால் போதும், பனியன் கம்பெனியே வந்துவிடும். லிடியாவுக்கு பீரோவுக்குள் துணிகளின் நடுவே தலையை விட்டுக்கொண்டு பேச வேண்டும், டூட்டி முடிந்து ஹாஸ்டல் அறைக்கு வந்தவளின் அமைதி அங்கேதான் கிடைக்கும். மூன்று பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் போட்ட சண்டை இருக்கிறதே! டிஎல்சி என்ற பேச்சு வந்தாலே பழனியப்பனுக்குச் சூடு ஏறிவிடும்: "ஏனுங்க, பனியன வித்துப்போட்டு, கைக்குத் தனியாக் காசு குடுன்னா குடுப்பீங்ளா? ஆட்டத்த முழுசாக் குடுக்கோணும்ங்க, வால நறுக்கி வெச்சுக்கிட்டு அதத் தனியா விக்கறது என்னங்க யாவாரம்?" உடனே லிடியா, "அண்ணே, கை இல்லாத பனியனும் பனியன்தான். அவங்க ஆட்டத்த முடிச்சுக் குடுத்துட்டாங்க. அதுக்கு மேல ரெண்டு தீவு கட்டித் தரேங்கறாங்க, நூத்தம்பது ரூபா. பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வர்ற எனக்கு அந்த ரெண்டு தீவு வேணும்" என்பாள். கடைசியில் தேவசகாயம் ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, "புது அரிசிய எவனாவது வாங்குவானா தம்பி? குழையும். ஒரு வருசம் கெடக்கட்டும், வெல பாதியாவும், பிழையெல்லாம் திருத்தியிருப்பான், அப்ப வாங்கு" என்று தீர்ப்புச் சொல்வார். பேட்டையே சிரிக்கும். சோமு அண்ணன் "ஐயா சொன்னா சரி" என்பார். மூன்று பக்கமும் இவனே நின்று அடித்து, மூன்று பக்கமும் இவனே ஜெயித்திருக்கிறான். ஆனால் கிளாட்வின் என்ன நினைக்கிறான்? தனியாக வாங்க வைப்பது அநியாயமா, நியாயமா, காத்திருக்கலாமா? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, இவனும் கேட்டுக்கொள்ளவில்லை. பேட்டையில் கிளாட்வின் என்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது, முதலில் திறந்த கணக்கு அது, பெயருக்குப் பக்கத்தில் 'மைக் ரிப்பேர்' என்று எழுதிப் போட்டு இரண்டு வருஷம். குரல் இல்லாததால் சட்டப்படி அவனுக்கு மட்டும் ஓட்டு கிடையாது.

"மூணு." மூன்றா, அதற்குள்ளா. ஜன்னல் வழியே ஈரக்காற்று வந்தது, துணி, துணியை எடுக்க வேண்டும், அப்பாவின் வெள்ளைச் சட்டை ஒன்று அதில் இருக்கிறது, நாளைக்கு வேண்டும். நழுவ வழி இல்லாமல் இல்லை. தேவசகாயத்துக்கு நெஞ்சுவலி கொடுத்துவிடலாம், போஸ்ட்மாஸ்டர் மாதிரி ஆள் அமைதியாகப் போய்ச் சேருவார், ஐந்து நிமிஷ வேலை, மகன் குரலில் ஒரு செய்தி. ஏற்கெனவே ஒருத்தனை அனுப்பியாயிற்று. அப்பு. பத்து வயசு, கீச்சுக்குரல், "அண்ணா அண்ணா எனக்கு ஒரு படகு செஞ்சு தர்றீங்களா" என்று எல்லோரையும் நச்சரிப்பான், அவன்தான் முதலில் பிறந்தவன், அவனுக்குத்தான் எல்லோரும் செல்லம். போன வருஷம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அப்புவைப் பேச வைக்க வாயைத் திறந்தால் உள்ளேயிருந்து ஓட்டை நாதஸ்வரம் மாதிரி ஒன்று வந்தது. மறுநாளும் அதே. ஒரு வாரம் தேன், மிளகு, இஞ்சி. தொண்டை உடைந்துவிட்டது, அப்பு உள்ளே மாட்டிக்கொண்டான், இனி வர மாட்டான். அப்புவை ஏற்காட்டு ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள் என்று லிடியாதான் பேட்டையில் சொன்னாள். ஞானாம்பிகை அழுதாள். அழுதது நிஜம், மூக்கை உறிஞ்சியது பீரோ வரைக்கும் கேட்டது. அடுத்த மாதத் திருத்தத்தில் வஹிதா அக்கா ஆட்டத்துக்குள் ஒரு சின்ன மஞ்சள் படகை விட்டாள், பக்கவாட்டில் 'அப்பு' என்று எழுதியிருந்தது. இவன் திரையில் அது கறுப்பில் தொங்கிக்கொண்டு, அலையில்லாமல் ஆடிக்கொண்டு, கோபுரத்தைத் தாண்டிப் போனது. அதற்கப்புறம் இவன் மூன்று வாரம் அந்த ஆட்டத்தைத் திறக்கவில்லை. இப்போது இன்னும் மூன்று பேரை எந்த ஹாஸ்டலில் சேர்ப்பது? சேர்த்தாலும் தப்பிக்க முடியாது, வராதவர்கள் ஒரு வாரத்துக்குள் குரலைப் பதிந்து அனுப்பலாம் என்று சோமு அண்ணன் சட்டத்தில் துணைச்சட்டம் வைத்திருக்கிறார், வஹிதா அக்கா அந்த ஒரு வாரமும் காத்திருப்பாள். காத்திருக்கிற ஆள்தான் அவள். வெள்ளிக்கிழமை தேவசகாயத்துக்குத் தனியாக எழுதியிருந்தாள், இவன் அதைப் பாடம் பண்ணாமலே மனப்பாடம் ஆகிவிட்டது: 'ஐயா, புயல் மாதத்தத் தள்ளி வச்சா நெறைய பேரு என்னத் திட்டுவாங்க. பரவால்ல. ஒத்தையா உக்காந்து செய்யறவளுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். நீங்க, பழனியப்பண்ணன், லிடியா மூணு பேரும் இருக்கீங்கன்னுதான் இந்தத் தைரியமே.' ஆள் இருக்கு என்று தெரிந்தால் போதும். ஆள். அந்தச் சொல்லிலேயே இரண்டு நாளாகக் கால் தடுக்குகிறது. கடல் வேண்டும். இவனுக்குக் கடல் வேண்டும்தான். டம்ளரை எடுத்து நாலு வார்த்தை, விசிறியின் கீழ் நாலு வார்த்தை, பீரோவுக்குள் நாலு வார்த்தை, மூன்றே மாதத்தில் கடல் வந்துவிடும், நீலமாக, அலையோடு, மஞ்சள் படகு அதில் இறங்கி மிதக்கும். அவள் மூன்று மாதம் யாருமில்லாத அறைக்கு விளக்குக் காட்டிக்கொண்டிருப்பாள். கறுப்பில். அது எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் வேறு எவனுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இவனுக்குத் தெரியும்.

"நாலு" என்றார் சோமு அண்ணன். "அடுத்து நம்ம தேவசகாயம் ஐயா." கை தானாக டம்ளரை எடுத்தது. வேண்டாம் என்று தலை சொல்வதற்குள் பெருவிரல் மைக்கைத் திறந்து, வாய் டம்ளருக்குள் போய், "வணக்கம் சோமு தம்பி" என்று அறுபத்தொரு வயசு வெளியே வந்துவிட்டது, பழக்கம், பாழாய்ப்போன பழக்கம். "ஐயா வணக்கம்!" என்று நாலைந்து பேர். "ஐயா, நல்லாருக்கீங்களா?" என்று வஹிதா அக்கா, அந்த 'நல்லாருக்கீங்களா'வில் இருந்த சந்தோஷம். கிளாட்வின் டம்ளரைக் கட்டிலில் வைத்தான். அது உருண்டு கீழே விழுந்து தரையில் ஒரு சுற்று சுற்றி ஓயும்வரை பொறுத்திருந்தான். "தேவசகாயம்னு யாரும் கெடையாதுண்ணே" என்றான். சொன்னது மேலே போய்க் கீழே வந்து நடுவில் கீறியது, இரண்டு வருஷத்தில் இந்தப் பேட்டை கேட்காத ஒரே குரல். "நான் கிளாட்வின். மைக் ரிப்பேர்னு போட்டிருக்கேன்ல, அது நான்தான்." பிறகு சோமு அண்ணன் கனிவாக, "தம்பி, தாத்தாகிட்ட போனக் குடுப்பா, ஓட்டு நடந்துட்டிருக்கு" என்றார். "எங்க தாத்தா இல்லண்ணே. நான்தான் அவரு." "பேரனாப்பா? நல்லாப் பேசுறியே. தாத்தா கால் கழுவப் போயிருக்காரா?" யாரோ சிரித்தார்கள். இதை மட்டும் இவன் யோசித்தே வைக்கவில்லை. மாட்டிக்கொள்வது எப்படி என்று ஆயிரம் விதமாகப் பயந்திருக்கிறான், சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று பயப்படத் தோன்றவில்லை. விடு, இதுவே வாசல், 'ஆமாண்ணே தாத்தா வாராரு' என்று டம்ளரைத் தேடி எடு, தப்பித்துக்கொள். குனியக்கூட மனசு வந்தது. குனியவில்லை. எழுந்து நின்றான், டம்ளர் இல்லை, விசிறி இல்லை, பீரோ இல்லை, வெறும் தொண்டையில் ஒரே மூச்சாக: "புது அரிசிய எவனாவது வாங்குவானா தம்பி, ஏனுங்க பனியனுக்குக் கை வேண்டாங்ளா, அண்ணே எனக்கு அந்த ரெண்டு தீவு வேணும்ணே." தேவசகாயம் பழனியப்பனாகி, பழனியப்பன் லிடியாவாகி, லிடியாவின் கடைசி எழுத்தில் குரல் கிழிந்து கிளாட்வினாக நின்றது.

பச்சைப் பொட்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஞானாம்பிகைதான் முதலில் வாயைத் திறந்தாள்: "அடப்பாவி. என் தம்பிக்கு ஊசி போடலாமான்னு லிடியாகிட்ட யோசனை கேட்டேனேடா." "டாக்டரப் பாருங்கன்னுதான்க்கா சொன்னேன்." "அது சரி, சொன்ன." சோமு அண்ணன் பெருமூச்சு விட்டது விருதுநகர் வெயிலே வந்த மாதிரி இருந்தது: "தொண்டை ஒருத்தனுக்கு ஒண்ணுதான்னு சட்டம் போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்." பிறகு வஹிதா அக்கா, ரொம்ப மெதுவாக, "அப்பு?" என்றாள். இது வரும் என்று தெரியும். "நான்தான்க்கா." "ஹாஸ்டல்ல இல்லையா?" "இல்லக்கா. குரல் ஒடஞ்சிட்டு. இப்ப வராது. செஞ்சு பாத்தேன், வரல." விசிறி சுற்றியது. திட்டட்டும், வெளியே தள்ளட்டும், நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்கிறேன். "அந்தப் படகுல பேர அழிக்கணும்னா எனக்கு ரெண்டு நாள் வேலை" என்றாள் வஹிதா அக்கா. "ஒனக்காக நான் அதச் செய்யறதா இல்ல. கெடக்கட்டும்." பிறகு, "சோமு சார், மீதியப் படிங்க" என்றாள். மீதி மூன்று நிஜத் தொண்டைகள் சொல்லி முடித்தன. ஐந்து, ஆறு, ஏழு. "அண்ணே," என்றான் கிளாட்வின், "எம்பேரையும் படிங்கண்ணே." "ஒனக்கு எத்தனை ஓட்டுப்பா?" என்று யாரோ. "ஒண்ணு." சோமு அண்ணன் செருமினார். படிக்க மாட்டார் என்று நினைத்தான். "கிளாட்வின்" என்று படித்தார். எல்லாக் கோணத்திலும் வாதாடித் தீர்த்த வாய்க்கு இப்போது ஒரு கோணமும் கிடைக்கவில்லை, அரிசி இல்லை பனியன் இல்லை, நேராக இருந்தது ஒன்றுதான். "இருக்கேன். வாங்குவேன். முழு விலைக்கு. புயல் மாதமும் முழு விலைக்கு." "எட்டு" என்றார் சோமு அண்ணன். "பத்துக்கு ரெண்டு கொறையுது. அப்ப புயல் மாதம்தான் முதல்ல." "ஆமா" என்றாள் வஹிதா அக்கா. "துணைச்சட்டம் இருக்குல்ல சார்? ஒரு வாரம்?" "இருக்கும்மா. ஆனா இனி பதிஞ்சு அனுப்புனா செல்லாது. ஆளு நேரா வந்து பேசணும், நான் நாலு கேள்வி கேப்பேன்." "கேளுங்க" என்றாள்.

முதல் சொட்டு தகரத்தில் விழுந்தது. "ஏல, துணி!" என்று அம்மா. லேப்டாப்பையும் இரண்டு போனையும் அப்படியே போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினான், அப்பாவின் வெள்ளைச் சட்டை தோளில், சேலை கழுத்தில், பாவாடையும் துண்டுமாக மாரோடு அள்ளிக்கொண்டு திரும்பியவன் நின்றுவிட்டான். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பெனிட்டா அக்காவும் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இவன் சொந்த அக்காவோடு ஒரே வகுப்பு. ஒரே வருஷம். ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வரிசையில் நின்று, ஒரே மாதிரி பெட்டியை வாங்கிக்கொண்டு ஒரே ஆட்டோவில் வந்தவர்கள். ஒரே மாதிரி பெட்டி! இந்தத் தெருவில் எத்தனை பரணில் எத்தனை கிடக்கிறது, உள்ளே லினக்ஸோடு, யாரும் திறக்காமல். "பெனிட்டாக்கா" என்று கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. "பெனிட்டாக்கா, பள்ளிக்கூடத்துல குடுத்த லேப்டாப்ப என்ன பண்ணீங்க?" அவள் கிளிப்பை வாயில் கடித்தபடி மெல்லத் திரும்பி, சுவருக்குப் பின்னால் வேறு யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்து, கிளிப்பைக் கையில் எடுத்தாள். "இது யாரு குரல்லே? சிலிண்டர்காரனா, சாமியாரா?" "யாருதும் இல்லக்கா." "பொய்யி." "சத்தியமா. இதான் எங்குரலு." மழை வலுத்தது. அவள் நனைந்துகொண்டே ஒரு நிமிஷம் இவனைப் பார்த்தாள், நாலு தடவை மூன்று மாடி இறங்கிய கால்களோடு. "பரண்ல கெடக்கு" என்றாள் கடைசியில். "சார்ஜர் எங்கன்னு தெரியல. நீயே ஏறித் தேடு, நான் இனி ஒனக்காக ஒரு படி ஏற மாட்டேன், எறங்க மாட்டேன்." ஒன்பது என்று நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கினான். இல்லை, இன்னும் இல்லை, அவள் ஆடிப் பார்க்க வேண்டும், அவள் வாயாலேயே சொல்ல வேண்டும், சோமு அண்ணனின் நாலு கேள்விக்கு அவளே பதில் சொல்ல வேண்டும், இவன் பக்கத்தில் நின்று ஒரு எழுத்துக்கூட எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஏழு நாள் இருக்கிறது. துணிமூட்டையை அம்மா கையில் திணித்துவிட்டு, ஈரக்காலோடு பக்கத்து வீட்டுப் படியில் இரண்டிரண்டாக ஏறினான்.